ரேணிகுண்டாவில் நின்ற விமானம்

திட்டு வாங்குவதுதான் யேசுராஜின் வேலை. விசிட்டிங் கார்டில் மட்டும் 'கஸ்டமர் சப்போர்ட் மேனேஜர்' என்று அச்சடித்திருந்தது.

ஓசூர் சிப்காட்டில் அவர் வேலை பார்த்த கம்பெனி, டிராக்டரின் கியர் பெட்டிக்குள் உட்காரும் ஃபோர்க் என்கிற இரும்புக் கவையைச் செய்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான்தான். ஆனால் அதில் கோளாறு என்றால் கியர் விழாது, வண்டி நகராது. எங்காவது ஒரு ஃபோர்க்கில் பிசிறோ விரிசலோ தெரிந்தால், வாங்கிய தொழிற்சாலையிலிருந்து முதல் போன் யேசுராஜுக்கு வரும். சாப்பாட்டு நேரம், பூசை நேரம் என்றெல்லாம் அந்த போன் பார்க்காது.

அவர் கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் எலத்தகிரியைச் சேர்ந்தவர். பாலிடெக்னிக் முடித்த கையோடு ஓசூருக்கு வந்து, இதே கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்து, ஆள் கோபப்பட மாட்டார் என்ற ஒரே தகுதியில் இந்த நாற்காலிக்கு மாற்றப்பட்டவர். கோபம் வராமல் இல்லை. அதை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மனைவி பவுலினா ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சர். "கம்பெனில பேச வேண்டியதெல்லாம் இங்க வந்து செவுத்துக்கிட்ட பேசறீங்க" என்பாள்.

கம்பெனி செய்த ஃபோர்க்குகளில் பாதிக்கு மேல் புனே பக்கத்தில் இருந்த ஒரு டிராக்டர் தொழிற்சாலைக்குத்தான் போயின. மாதம் ஒருமுறையாவது யேசுராஜ் ரயிலேறிப் போய் அங்கே நிற்பார். அசெம்பிளி லைனுக்குப் பொறுப்பாளர் சுபாஷ். யேசுராஜ் பேசிய இந்தி முழுவதும் அந்த மனிதரின் வசவிலிருந்து பொறுக்கியதுதான். சுபாஷ் முதலில் கத்தித் தீர்ப்பார். பிறகு கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தந்து, தன் வீட்டுக்கடன், தம்பி கல்யாணம் எல்லாம் சொல்வார். எந்த லாட் சரக்கில் என்ன சிக்கல், எங்கே கொஞ்சம் கூடுதலாகச் செதுக்கினால் மாட்ட எளிதாக இருக்கும் என்பதெல்லாம் அந்த டீக்கு நடுவில்தான் வெளியே வரும். அப்படியே வருடங்கள் ஓடின.

2007இல் கம்பெனி ஒரு விமானம் வாங்கியது.

முதலாளி மோகன்குமார் அதைப் பற்றி ஆறு மாதமாகவே பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மேனேஜர்கள் எல்லோரையும் கான்ஃபரன்ஸ் ரூமில் உட்காரவைத்து விளக்கினார்.

"நம்ம பிரச்சினை மெஷின் இல்ல, ஆள் இல்ல. ரோடு. சில்க் போர்டு சிக்னல் தாண்டறதுக்குள்ள மனுசன் பாதி செத்துடறான். இந்த லட்சணத்துல ஏர்போர்ட்ட வேற அந்தக் கோடில இருக்கற தேவனஹள்ளிக்குக் கொண்டுனு போறாங்க. அப்பறம் ஓசூர்ல இருந்து பிளைட் புடிக்கறதும் ஒண்ணு, நடந்தே போறதும் ஒண்ணு. கஸ்டமர் நம்மள பாக்க வரணும்னா ஒரு நாள் போவ, ஒரு நாள் வர. எவன் வருவான்? இங்க பெலகொண்டபள்ளில ஓடுதளம் இருக்கு. காலைல கூட்டினு வருவோம், பிளான்ட்ட காட்டுவோம், சாயங்காலம் அவங்க வூட்ல இருப்பாங்க. மேல போவும்போது போன் கிடையாது, குறுக்க எவனும் வர மாட்டான். ரெண்டு மணி நேரம் உக்காந்து பேசலாம். அந்தப் பேச்சுதான் பிசினஸ்."

யேசுராஜுக்கு அந்தப் பேச்சில் குறை தெரியவில்லை. சொல்லப்போனால், அந்த அறையில் மனதார நம்பியவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அந்த ரோட்டில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்காக நட்டிருந்த தூண்களுக்கு நடுவே, நகராத வண்டியில் அவர் கழித்த மாலைகள் அப்படிப்பட்டவை.

செகண்ட் ஹேண்ட் விமானம்தான். பைலட்டைச் சேர்த்து ஏழு பேர் உட்காரலாம். ஓட்டியவர் பென்சன், விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற தூத்துக்குடிக்காரர். முதல் பயணத்தில் யாரைக் கூட்டிவரலாம் என்று மோகன்குமார் கேட்டபோது யேசுராஜ் யோசிக்காமல் சொன்னார், "லைன்ல நிக்கற சுபாஷையும் அவரு கீழ இருக்கற நாலு பேரையும் கூப்புடலாம் சார்."

அப்படியே நடந்தது. சுபாஷ் விமானத்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டதாக பென்சன் பிறகு சொல்லிச் சிரித்தார். அன்று அந்த ஐந்து பேரும் இரும்பை அடித்து வடிக்கிற ஃபோர்ஜிங் ஷாப்பில் ஹேமருக்குப் பக்கத்தில் நின்று, உலையில் சூடேற்றி அதை உறுதியாக்குகிற ஹீட் ட்ரீட்மென்ட்டைப் பார்த்து, இரண்டு வருடமாக ஓய்ந்திராத ஒரு சண்டையை மத்தியான சாப்பாட்டுக்குள் தீர்த்துவிட்டார்கள். ஃபோர்க்கின் ஒரு ஓரத்தை எந்தப் பக்கத்திலிருந்து அளப்பது என்பதில்தான் இத்தனை நாள் இரண்டு தரப்பும் முட்டிக்கொண்டிருந்தன. கடிதத்தில் தீராதது மெஷின் முன்னால் தீர்ந்தது. சாயங்காலம் அவர்களை ஏற்றிவிட்டு ஓடுதளத்தின் வேலி ஓரமாக நின்றபோது, தன் வேலை இனி மனிதன் பார்க்கிற வேலையாக மாறிவிடும் என்று யேசுராஜுக்குத் தோன்றியது. அடுத்த மூன்று மாதம் புனேயிலிருந்து ஒரு புகார்கூட வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கிற மாதிரி யாரும் எதுவும் செய்துவிடவில்லை. மெல்ல மெல்ல சீட்டுகள் மேலே ஏறின, அவ்வளவுதான். அடுத்த முறை சுபாஷுக்குப் பதிலாக அவருடைய மேனேஜர் வந்தார். அதற்கடுத்து அந்த மேனேஜரின் மேனேஜர். கடைசியில் கொள்முதல் துறையின் வைஸ் பிரசிடென்ட் வந்தார்.

அவர் பெயர் வெங்கடப்பன். பாகலூர் பக்கம் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, ஊரில் தமிழும் கன்னடமும் என்று வளர்ந்து, படித்து, புனேவுக்குப் போய்ப் படிப்படியாக உயர்ந்தவர். அம்மா இன்னும் பாகலூரில்தான் இருந்தார். அதனால் ஓசூருக்கு விமானம் என்றதும் அவருக்கு ஆசை வந்ததில் வியப்பில்லை. முதல் தடவை பிளான்ட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்க்கப் போனார். இரண்டாம் தடவை பிளான்ட்டில் ஒரு காபி குடித்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை மனைவியும் கூட வந்தார், பிளான்ட்டுக்கு வரவேயில்லை. நான்காம் தடவை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு விமானம் திருப்பதிக்குப் பறந்தது. ரேணிகுண்டாவில் இறங்கினால் மலைக்குப் பக்கம்தானே என்று மோகன்குமாரே சொல்லியிருந்தார்.

அதன் பிறகு மாதம் ஒரு முறையாவது விமானம் ரேணிகுண்டாவில் நின்றது. வெங்கடப்பனுக்குத் தெரிந்த வேறு சிலரும் போனார்கள். லட்டு ஓசூர் ஆபீஸ் வரைக்கும் வந்தது. மோகன்குமார் அதைப் பெருமையாக எல்லோருக்கும் கொடுத்தார். "ரிலேஷன்ஷிப்புன்னா இதுதான் யேசுராஜ். ஆர்டரப் பத்தி ஒரு வார்த்தகூட பேசல. பேச வேண்டிய அவசியமே இல்ல."

"சுபாஷ் இன்னொரு தடவ வரணும்னு கேக்கறாரு சார். புது மாடல் வருதாம், டிராயிங் வச்சுப் பேசணுமாம்."

"பாக்கலாம். சீட் இருந்தா பாக்கலாம்."

சீட் இருக்கவில்லை. விமானம் இருக்கும்போது ரயில் எதற்கு என்று யேசுராஜின் பயணச் செலவையும் குறைத்திருந்தார்கள். ஆக, விமானமும் இல்லை, ரயிலும் இல்லை. சுபாஷோடு பேச்செல்லாம் போனில்தான். போனில் டீ கிடையாது. அதனால் கத்தல் மட்டுமே மிஞ்சியது.

2008 ஜூன் மாதம் ஒரு நாள் காலை சுபாஷ் கூப்பிட்டார். கத்தவில்லை.

"உங்க கடைசி லாட் மொத்தமும் மெத்துனு இருக்கு. மாட்டும்போதே வளையுது. எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டேன். பழைய சரக்கு சாயங்கால ஷிஃப்ட் வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் லைன் நின்னுடும். என்ன பண்ணப் போற?"

ஹீட் ட்ரீட்மென்ட்டில் ஒரு உலை சரியாகச் சூடேறாமல் போயிருந்தது, தவறு ஓசூருடையதுதான். ஆனால் அடுத்த லாட் நல்லபடியாக வந்திருந்தது, பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். யேசுராஜ் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து போனில் சொன்னார்.

"ரெண்டு ஷிஃப்டுக்கு வேண்டியது மத்தியானம் கிளம்பிடும். விமானம் இருக்குது. சாயங்காலத்துக்குள்ள நானே கையில கொண்டாந்து தரேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சொல்லிவிட்டுத்தான் பென்சனைக் கூப்பிட்டார். பென்சனின் குரலுக்குப் பின்னால் ஏதோ அறிவிப்பு கேட்டது.

"ரேணிகுண்டால நிக்கேன் சார். வி.பி. சார் குடும்பத்தோட மேல போயிருக்காவ. பேரனுக்கு முடியிறக்குதாவளாம். கூட்டமா இருக்குன்னு சொன்னாவ, எப்ப இறங்குவாவன்னு தெரியல."

யேசுராஜ் நிலைமையைச் சொன்னார். பென்சன் கொஞ்சம் யோசித்தார்.

"இப்ப காலியா கெளம்புனா ஒரு மணி நேரத்துல ஓசூர் வந்துருவேன். சரக்க ஏத்திட்டு இருட்டுறதுக்குள்ள புனே போயிரலாம். ஆனா எம்.டி. ஒரு வார்த்த சொல்லணும். நானா வந்தா என் சீட்டு கிழிஞ்சிரும்."

யேசுராஜ் மோகன்குமாரின் அறைக்கு ஏறக்குறைய ஓடினார். அவர் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க மலைய விட்டு எறங்கி வராங்க. ஏர்போர்ட்ல விமானம் இல்ல. வயசான அம்மா, கைக்குழந்தை. என்ன நெனப்பாங்க?"

"சார், நிக்கப்போறது அவரு கம்பெனி லைன்தான்."

"தெரியுது."

"அவருக்கே போன் பண்ணிக் கேட்டா சரின்னுதான் சொல்வாரு சார். அவரு தொழிற்சாலை நிக்குதுன்னா..."

"யார் கேக்கறது? நீங்க கேக்கறீங்களா? லீவு போட்டுட்டு சாமி கும்புடப் போன மனுசன, எங்க சரக்கு வெளங்கல, அதனால உங்க விமானத்த அனுப்பிடுங்கன்னு?"

கம்பெனி விமானத்தை வெங்கடப்பனுடையதாக்கி, 'உங்க விமானம்' என்று முதலாளியே சொன்னதை யேசுராஜ் கவனித்தார்.

"இன்னொண்ணு," என்றார் மோகன்குமார், குரலைத் தாழ்த்தி. "விமானம் எங்க இருக்குன்னு வெளிய தெரியக் கூடாது. அவங்க கம்பெனில சப்ளையர்கிட்ட காப்பிக்கு மேல வாங்கக் கூடாதுன்னு ரூல். கேட்டா சர்வீஸ்ல இருக்குதுன்னு சொல்லிடுங்க. நீங்க வேன எடுத்துனு தேவனஹள்ளி போயி சாயங்கால பிளைட்ட புடிங்க."

பெட்டிகளை வேனில் ஏற்றி, டிரைவர் பெருமாளுக்குப் பக்கத்தில் யேசுராஜ் உட்கார்ந்தார். அத்திப்பள்ளி வரை வண்டி பறந்தது. பொம்மசந்திராவில் நின்றது. முன்னால் கம்பி ஏற்றிய ஒரு டிரெய்லர் தூண் குழிக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. பெருமாள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுக் கன்னடத்தில் யாரையோ வைதுவிட்டுத் திரும்பினார்.

"கிரேன் வரணுமாம் சார். அது அந்தாண்ட மாட்டினு இருக்குதாம்."

வேனுக்குள் வெயில் கொதித்தது. சுபாஷ் இரண்டு முறை கூப்பிட்டார். முதல் முறை, கிளம்பிவிட்டோம் என்று யேசுராஜ் சொன்னார். இரண்டாம் முறை, விமானம் சர்வீஸில் இருப்பதாகவும் பொது விமானத்தில் வருவதாகவும் சொன்னார்.

"காலைல விமானம் இருக்குன்னு நீதானே சொன்ன?"

"ஆமா. திடீர்னு சர்வீஸ்."

"சரி," என்று சுபாஷ் வைத்துவிட்டார்.

தேவனஹள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது புனே விமானம் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது மறுநாள் காலையில்தான். கண்ணாடியும் வெளிச்சமுமாகப் பளபளத்த அந்தப் புது கட்டடத்தின் வாசலில், இரும்புப் பெட்டிகளோடு யேசுராஜ் உட்கார்ந்திருந்தார். அதே நேரம் வெங்கடப்பனின் குடும்பம் தரிசனம் முடித்துக் கம்பெனி விமானத்தில் புனேவுக்கே பறந்துகொண்டிருந்தது என்பது பென்சன் கிளம்பும் முன் அனுப்பியிருந்த குறுஞ்செய்தியில் தெரிந்தது. விமானத்தின் ஏழு சீட்டில் இரண்டு காலி.

மறுநாள் மத்தியானம்தான் ஃபோர்க்குகள் லைனுக்குப் போய்ச் சேர்ந்தன. வரிசையாக டிராக்டர்கள் வயிறு திறந்தபடி நின்றன. வேலையாட்கள் சுவரோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சுபாஷ் பெட்டியைத் திறந்து, ஒரு ஃபோர்க்கை எடுத்துப் பார்த்து, பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு நகர்ந்தார். யேசுராஜைப் பார்க்கவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பத்து நாள் கழித்து புனேயில் விசாரணைக் கூட்டம் நடந்தது. சப்ளையர் தரப்பில் மோகன்குமார் வரவில்லை, யேசுராஜைத்தான் அனுப்பினார். மேசையின் தலைப்பக்கத்தில் வெங்கடப்பன் உட்கார்ந்திருந்தார். பேரனோடு அவரும் முடி கொடுத்திருந்தார். தலை மழமழவென்று மின்னியது. சுபாஷ் எழுந்து, லைன் எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை டிராக்டர் குறைந்தது என்று சொல்லி முடித்தார். பிறகு, "இவங்களுக்குச் சொந்தமா விமானம் இருக்கு சார். அவசரத்துக்குப் பறக்காத விமானம் எதுக்குன்னு தெரியல," என்றார்.

எல்லோரும் யேசுராஜைப் பார்த்தார்கள். வெங்கடப்பனும் பார்த்தார். கேட்டே ஆக வேண்டிய கேள்வி, அவர்தான் கேட்டார்.

"விமானம் அன்னைக்கு ஏன் வரல?"

யேசுராஜின் கண் அந்த மொட்டைத் தலையை விட்டு நகரவில்லை. சொல்ல வேண்டியது திருப்பதி என்ற ஒரே வார்த்தைதான். சொன்னால் இந்த மனிதரின் வேலை போகும். அடுத்து வருகிறவர் முதல் வேலையாக ஓசூர் கம்பெனியைத் தூக்கி எறிவார். ஹேமர் ஷாப்பில் நிற்கிற அத்தனை பேரும் தெருவுக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் சுபாஷ் இனி தன்னை மனிதனாக மதிக்க மாட்டார்.

"சர்வீஸ்ல இருந்துச்சு சார்."

வெங்கடப்பன் தலையசைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார். ஒரே சப்ளையரை நம்பியிருப்பது ஆபத்து என்று முடிவானது. ஃபோர்க்கில் பாதியை இனிமேல் புனேவுக்குப் பக்கத்திலேயே சாக்கனில் உள்ள ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து யேசுராஜ் இதைச் சொன்னபோது பவுலினா பேப்பர் திருத்துவதை நிறுத்தினாள்.

"வாய்ல கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? தலைய பாத்தாலே தெரியுதே. மொட்ட எங்க போட்டீங்கன்னு கேட்டிருந்தா போதுமே."

"கேட்டா மீதிப் பாதியும் போயிருக்கும்."

"இப்ப பாதி போச்சு, உங்க பேரும் போச்சு. உங்க மொதலாளி என்ன சொன்னாரு?"

"நல்லா சமாளிச்சீங்கன்னாரு."

பவுலினா சிவப்புப் பேனாவை மூடிவைத்தாள். "தோசை ஊத்தட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வருடக் கடைசியில் சந்தை படுத்துவிட்டது. டிராக்டரும் லாரியும் வாங்க ஆளில்லாமல் ஓசூரில் பல ஷெட்டுகள் வாரத்தில் மூன்று நாள் ஓடின. யேசுராஜின் கம்பெனிக்கு அடி இரண்டு மடங்காக விழுந்தது. பாதி ஆர்டர் முன்பே போயிருந்ததே. கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். போச்சம்பள்ளியில் தொடங்க இருந்த புது யூனிட் அஸ்திவாரத்தோடு நின்றது. 2009இல் விமானத்தையும் விற்றார்கள். யாரோ வடநாட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போனார். பென்சன் மைசூரில் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டார்.

அதே வருடம் வெங்கடப்பன் ஓய்வு பெற்றார். இரண்டாம் மாதமே மோகன்குமார் அவரைக் கம்பெனிக்கு ஆலோசகராகக் கொண்டுவந்தார். பாகலூரில் வீடு, ஓசூரில் ஆபீஸ். அவருக்காகக் கான்ஃபரன்ஸ் ரூமைப் பாதியாகத் தடுத்து ஒரு அறை செய்தார்கள். யேசுராஜ் இனி அவரிடம்தான் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்றார்கள்.

முதல் நாளே வெங்கடப்பன் அவரை அழைத்து உட்காரச் சொன்னார். முடி நன்றாக வளர்ந்திருந்தது.

"பூனாவுல போன ஆர்டர திரும்பி எடுக்கணும். மொதல் வேல அதுதான். எப்படி போச்சுன்னு உங்களுக்குத்தான் நல்லா தெரியும்."

யேசுராஜுக்கு அன்று எங்கிருந்தோ தைரியம் வந்தது. தைரியம் என்றுகூடச் சொல்ல முடியாது, அலுப்பு.

"உங்களுக்கும் தெரியும் சார்."

வெங்கடப்பன் முகம் மாறவில்லை. "தெரியும். அன்னைக்கு மலைல செல்லு எடுக்கல. கீழ வந்தப்பறம்தான் பைலட் சொன்னாரு. அந்நேரத்துக்கு நான் என்ன பண்றது? மீட்டிங்ல நீங்க என் பேர சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். சொல்லல. இங்க வரும்போது மோகன்கிட்ட சொன்னேன், யேசுராஜ் எனக்குக் கீழ இருக்கணும், நம்பகமான ஆளுன்னு."

"சாக்கனுக்குக் குடுக்கச் சொல்லி எழுதனது நீங்கதானே சார்."

"வேற என்ன எழுதறது? லைன் நின்னுபோச்சே."

சொன்னதில் தப்பில்லை என்கிற தெளிவு அந்த முகத்தில் இருந்தது. யேசுராஜ் எழுந்து வெளியே வந்தார். நம்பகமான ஆள் என்ற சொல் நடக்கும்போதெல்லாம் காலில் முள்ளாகக் குத்தியது.

மறுவாரம் பழையபடி ரயிலில் புனேவுக்குப் போனார். சுபாஷுக்கு விஷயம் எட்டியிருந்தது. லைன் ஓரத்தில் நின்றபடியே கேட்டார்.

"வெங்கடப்பன் சார் உங்க கம்பெனியில சேர்ந்துட்டாராமே?"

"ஆமா."

"அன்னைக்கு விமானம் எங்க இருந்துச்சு யேசுராஜ்?"

மறைக்க இனி ஒன்றும் இல்லை. யேசுராஜ் சொன்னார். திருப்பதி, பேரன், பென்சன், கீழே நின்ற விமானம், எல்லாம். சுபாஷ் கேட்டுக்கொண்டே லைனில் போகிற கியர் பெட்டிகளைப் பார்த்தார்.

"லைன் நின்னதுக்கு எனக்கு மெமோ குடுத்தாங்க. பிரமோஷன் போச்சு. மீட்டிங்ல வேணாம், என்கிட்ட மட்டுமாவது தனியா சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்," என்றார் யேசுராஜ்.

"சாக்கன்காரன் சரக்கு நல்லாத்தான் இருக்கு. ஆர்டர் திரும்பி வரும்னு எதிர்பாக்காத."

ஒரு ஆபரேட்டர் எதற்கோ கையசைத்துக் கூப்பிட, சுபாஷ் அந்தப் பக்கம் போனார். யேசுராஜ் அங்கேயே நின்றார். மாட்டுகிற இடத்தில் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்றில் ஓசூர் ஃபோர்க், மற்றதில் சாக்கன் ஃபோர்க். வேலை செய்கிற பையன் எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான்.